இது நம் பிரிண்டர்தானா?

அலுவலகக் கணினியில் ‘பிரிண்ட்’ பொத்தானை அழுத்துகிறோம். சில நொடிகளில் அடுத்த அறையிலிருக்கும் பிரிண்டர் காகிதத்தைத் தள்ளுகிறது. அந்தச் சில நொடிகளில் நம் ஆவணம் எந்த வழியாகப் போனது என்று யாரும் கேட்பதில்லை. பள்ளியின் வினாத்தாள், மருத்துவமனையின் ஸ்கேன் அறிக்கை, நிறுவனத்தின் சம்பளப் பட்டியல், வழக்கறிஞரின் வரைவு மனு என எத்தனையோ ரகசியங்கள் என்றாவது ஒருநாள் பிரிண்டருக்குப் போய்த்தான் தீர வேண்டும். கணினிக்குக் கடவுச்சொல் வைக்கிறோம். மின்னஞ்சலுக்கு ஓ.டி.பி. கேட்கிறோம். அதே ஆவணம் பிரிண்டருக்குப் போகும் பாதையை மட்டும் திறந்து போட்டிருக்கிறோம்.

எவ்வளவு திறந்து கிடக்கிறது என்று பார்க்கலாம். பல அலுவலகங்களில் இன்றும் புழங்கும் பழைய முறையில், பிரிண்டரின் 9100 என்ற எண்ணுள்ள போர்ட்டுக்கு, அதாவது நெட்வொர்க் வாசலுக்கு, கணினி கோப்பை அப்படியே அனுப்பிவிடும். அனுப்புவது யார் என்று பிரிண்டர் விசாரிக்காது. போகும் தகவலும் மறைக்கப்பட்டிருக்காது. அந்தப் பாதையில் எங்காவது ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வயர்ஷார்க் போன்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால், கடந்துபோகும் துண்டுகளைச் சேர்த்து முழு ஆவணத்தையும் திரும்ப உருவாக்கிவிடலாம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 1990களின் இறுதியில் ஐ.பி.பி. என்ற இணைய அச்சு நெறிமுறை உருவானது. இதற்கான போர்ட் 631. இணையதளங்கள் பேசும் அதே எச்.டி.டி.பி. மொழியின் மேல்தான் இதைக் கட்டினார்கள். மைக்கேல் ஸ்வீட் என்ற அமெரிக்க நிரலாளர் இதைப் பயன்படுத்தி ‘கப்ஸ்’ என்ற அச்சு மென்பொருளை 1997இல் எழுதத் தொடங்கி 1999இல் வெளியிட்டார். 2002இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் அதைச் சேர்த்துக்கொண்டது. 2007இல் அதன் மூல நிரலையே விலைக்கு வாங்கியது. இன்று லினக்ஸ் கணினியிலோ மேக்கிலோ அச்சடிப்பவர்கள், பெயர் தெரியாமலேயே கப்ஸைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்த வடிவமைப்பில் ஒரு பெரிய நன்மை உண்டு. கப்ஸை ஓட்டி, மற்றக் கணினிகளின் ஆவணங்களை வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் பிரிண்ட் சர்வர், உண்மையில் ஓர் இணைய சர்வர். ஆகவே வங்கியின் இணையதளத்தைக் காக்கும் டி.எல்.எஸ். என்ற பாதுகாப்பு முறை, பிரிண்ட் சர்வருக்கும் அப்படியே பொருந்தும். வங்கித் தளத்துக்கு இருக்கும் பொறுப்புகளும் அதற்கு வந்து சேரும். அவற்றில் முதன்மையானது சான்றிதழ்.

ரகசியம் மட்டும் போதாது

தகவலை மறைத்து அனுப்பினால் போதும், சான்றிதழ் எதற்கு என்ற கேள்வி எழும். மறைத்து அனுப்புகிறோம், சரி, யாருக்கு அனுப்புகிறோம்? புதிய கணினிகள் பிரிண்டரைத் தாமே தேடிக் கண்டுபிடிக்கின்றன. “இங்கே பிரிண்டர் யாராவது உண்டா?” என்று நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு கேள்வியை அனுப்பும், பிரிண்டர் தன் பெயரைச் சொல்லிப் பதில் தரும். பிரிண்டர் மட்டும்தான் பதில் தர வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே நெட்வொர்க்கில் இருக்கும் எந்த மடிக்கணினியும் ‘இரண்டாம் மாடி பிரிண்டர் நான்தான்’ என்று அறிவிக்கலாம். நம் கணினி அதை நம்பி, மிக உறுதியான மறைகுறியாக்கத்தோடு, ஆவணத்தை அந்தப் போலியிடம் ஒப்படைக்கும். போலி அதைப் படித்துவிட்டு உண்மையான பிரிண்டருக்கு அனுப்பிவைக்கும். காகிதம் வழக்கம்போல வெளியே வரும். நமக்குச் சந்தேகமே எழாது.

இதற்கு விடை 1978இல் ஒரு மாணவரிடமிருந்து வந்தது. விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் 1976இல் பொதுச் சாவி முறையை உலகுக்கு அறிவித்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள்: ஒன்றை ஊருக்கே சொல்லலாம், மற்றதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு பொதுச் சாவியைப் பார்த்து, இது இன்னாருடையதுதான் என்று எப்படி உறுதிசெய்வது? எம்.ஐ.டி.யில் இளநிலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் லோரன் கோன்ஃபெல்டர் ஒரு வழி சொன்னார். பெயரையும் பொதுச் சாவியையும் ஒரே தாளில் எழுதி, இருவரும் நம்பும் மூன்றாமவர் கையெழுத்திட்டுத் தரட்டும் என்றார். மதிப்பெண் பட்டியலின் நகலில் கெஜட்டட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தருவதைப் போன்றதுதான் இது. அலுவலகத்தில் நம்மை யாருக்கும் தெரியாது. அதிகாரியின் முத்திரையை அவர்கள் நம்புகிறார்கள். அதன் வழியாக நம் நகலையும் நம்புகிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

பிரிண்ட் சர்வரின் சான்றிதழைத் திறந்து பார்த்தால் சில வரிகள்தான் இருக்கும். சர்வரின் பெயர், அதன் பொதுச் சாவி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்ற இரண்டு தேதிகள், வழங்கியவரின் பெயர், கடைசியாக வழங்கியவரின் கையெழுத்து. இந்தக் கையெழுத்து மையால் ஆனதன்று. அது ஓர் எண். அதை எப்படிப் போடுகிறார்கள் என்பதைச் சிறிய எண்களால் நாமே செய்து பார்க்கலாம்.

வழங்குபவர் 3, 11 என்ற இரண்டு பகா எண்களை ரகசியமாகத் தேர்ந்தெடுக்கிறார். அவற்றின் பெருக்கல் 33. இதையும் 3 என்ற அடுக்கையும் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார்; அதுதான் பொதுச் சாவி. தனக்குள் 7 என்ற எண்ணை வைத்துக்கொள்கிறார். அது தனிச் சாவி. சான்றிதழின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணித முறையால் சுருக்கி ஓர் எண்ணாக்குகிறார்கள். அது 4 என்று வைத்துக்கொள்வோம். வழங்குபவர் 4ஐ ஏழு முறை எழுதிப் பெருக்குகிறார்: 16,384. அதை 33ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16தான் கையெழுத்து.

இப்போது சரிபார்ப்பவரின் வேலை. அவருக்கு 7 தெரியாது. 16ஐ மூன்று முறை எழுதிப் பெருக்குகிறார்: 4,096. அதை 33ஆல் வகுத்தால் மீதி 4. சான்றிதழைத் தானே சுருக்கிப் பார்த்தாலும் 4தான் வருகிறது. பொருந்திவிட்டது. நடுவில் யாராவது பெயரில் ஓர் எழுத்தை மாற்றியிருந்தால் சுருக்க எண் மாறியிருக்கும், கணக்கு உதைத்திருக்கும்.

7 எங்கிருந்து வந்தது? இரண்டு பகா எண்களிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் 2 பெருக்கல் 10, அதாவது 20. பொதுச் சாவியிலுள்ள 3ஐ 7ஆல் பெருக்கினால் 21. இருபதைவிட ஒன்று அதிகம். இந்த உறவுதான் ரகசியம். 33ஐ உடைத்து 3, 11 என்று கண்டுபிடிக்கிறவர் ஏழையும் கண்டுபிடித்துவிடுவார். அதனால்தான் உண்மையான சான்றிதழ்களில் 33க்குப் பதிலாக 617 இலக்கங்கள் கொண்ட எண்ணை வைக்கிறார்கள். ஆர்.எஸ்.ஏ. என்ற இந்த முறையில், உடைத்துக் காட்டுமாறு சவாலாக வெளியிடப்பட்ட எண்களில் 2020இல் உடைக்கப்பட்ட ஒன்றுக்கு 250 இலக்கங்கள். அதற்கே ஒரு கணினி மையக்கருவின் அளவில் ஏறத்தாழ 2,700 ஆண்டு உழைப்பு, பல்லாயிரம் கருவிகளில் பகிர்ந்து, தேவைப்பட்டது. 617 இலக்கங்கள் அதற்கெல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கின்றன.

யூக்ளிட் உடைத்த சாவிகள்

இவ்வளவு வலிமையான கணக்கை உடைக்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. அது பிரிண்டர் போன்ற சிறிய கருவிகளின் பலவீனத்தைத் தொட்டுக் காட்டுகிறது.

பகா எண்களைக் கருவி தானே, யாரும் ஊகிக்க முடியாதபடி தேர்ந்தெடுக்க வேண்டும். கணினிக்கு இது எளிது. விசைப்பலகைத் தட்டல், மவுஸ் அசைவு, வட்டின் சுழற்சி என ஒழுங்கற்ற நிகழ்வுகள் அதனிடம் நிறைய உண்டு. திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு பெட்டி, தொழிற்சாலையிலிருந்து வந்து முதன்முறை மின்சாரம் பெற்ற சில நொடிகளில் தன் சாவியை உருவாக்கும்போது அதனிடம் என்ன இருக்கும்? பக்கத்தில் அதே மாதிரிப் பெட்டி விழித்த அதே நிலைதான் இதற்கும். இரண்டும் ஒரே பகா எண்ணைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

2012இல் நாடியா ஹெனிங்கர், ஜாகிர் துருமெரிக், எரிக் வுஸ்ட்ரோ, அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகியோர் இணையம் முழுவதிலும் கிடைத்த பொதுச் சாவிகளைச் சேகரித்தார்கள். அவற்றுக்குள் பொதுவான காரணிகள் உண்டா என்று தேடினார்கள். டி.எல்.எஸ். பயன்படுத்திய கருவிகளில் இருநூறில் ஒன்றின் தனிச் சாவி அவர்கள் கைக்கு வந்துவிட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இத்தகைய சிறு பெட்டிகள்.

எப்படி வந்தது? 8,633 என்ற எண்ணைப் பாருங்கள். 8,989 என்ற எண்ணையும் பாருங்கள். இவற்றைத் தனித்தனியாக உடைக்க நேரம் பிடிக்கும். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்: 356. அதனால் 8,633ஐ வகுத்தால் மீதி 89. 89ஆல் 356ஐ வகுத்தால் மீதி இல்லை. விடை 89! முதல் எண் 89 பெருக்கல் 97. இரண்டாவது 89 பெருக்கல் 101. மூன்றே அடிகளில் இரண்டு சாவிகளும் உடைந்துவிட்டன. எண்களுக்கு 617 இலக்கங்கள் இருந்தாலும் இந்த வேலை ஒரு நொடிக்குள் முடியும். மீப்பெரு பொதுக் காரணியைக் காணும் இந்த முறையை யூக்ளிட் தன் நூலின் ஏழாம் பாகத்தில் எழுதியது ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பு. பள்ளியில் நாம் படித்த அதே கணக்குதான்.

இந்த ஆய்வுக்குப் பிறகு லினக்ஸின் எண் தேர்வு முறை திருத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன் வாங்கிய கருவிகள் பல அலுவலகங்களில் இன்னும் ஓடுகின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்த சாவியை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும் என்று வல்லுநர்கள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

தனக்குத் தானே கையெழுத்து

கப்ஸ் ஓர் அன்பான ஏற்பாடு செய்திருக்கிறது. சான்றிதழ் எதுவும் இல்லையென்றால் அதுவே ஒன்றை உருவாக்கித் தன் கோப்புறையில் வைத்துக்கொள்ளும். இரண்டு கோப்புகள் இருக்கும்: ஒன்று சான்றிதழ், மற்றது தனிச் சாவி. இதனால் முதல் நாளிலிருந்தே தகவல் மறைக்கப்பட்டே பயணிக்கும். ஆனால் கையெழுத்திட்டவரும் அதே சர்வர்தான். ‘நான் நான்தான்’ என்று தானே சொல்லிக்கொள்கிறது. போலியாலும் அதையே சொல்ல முடியும்.

இந்த நிலையில் கணினி செய்யக்கூடியது, முதல் சந்திப்பில் நம்பி அந்தச் சான்றிதழை நினைவில் வைத்துக்கொள்வது. அடுத்த முறை வேறொன்று வந்தால் சந்தேகப்படும். பின்லாந்தின் தாது இலோனென் 1995இல் உருவாக்கிய எஸ்.எஸ்.எச். இப்படித்தான் இயங்குகிறது. கப்ஸும் இயல்பாக இதையே செய்கிறது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் முதல் சந்திப்பே போலியோடு நடந்திருந்தால் பிறகு காப்பாற்ற வழியில்லை.

இன்னொரு தீங்கு மனிதர்களிடம் நேர்கிறது. சர்வரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பிரவுசர் எச்சரிக்கிறது. ‘நம்ம பிரிண்டர்தானே’ என்று நாம் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போகிறோம். எச்சரிக்கையை வாசிக்காமல் தாண்டும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால், வங்கித் தளத்தில் உண்மையான ஆபத்து வரும் நாளிலும் அதே விரல் அதே பொத்தானைத்தான் அழுத்தும். ஓர் அலுவலகத்தின் பாதுகாப்பு உணர்வை இதைவிட வேகமாக மழுங்கடிக்கும் பழக்கம் வேறில்லை.

நம் அலுவலகத்துக்கு ஓர் அத்தாட்சி

சரியான வழி, நிறுவனம் தனக்கென ஒரு மூலச் சான்றிதழை உருவாக்கிக்கொள்வது. அதன் பொதுப் பகுதியை அலுவலகக் கணினிகள் அனைத்திலும் ஒருமுறை பதிய வேண்டும். அதன் தனிச் சாவியை நெட்வொர்க்கோடு தொடர்பில்லாத இடத்தில் பூட்டிவைக்க வேண்டும். பிரிண்ட் சர்வர் தன் சாவிகளைத் தானே உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் ஒரு விண்ணப்பமாக அனுப்பும். மூலச் சாவி அதில் கையெழுத்திடும். சர்வரின் தனிச் சாவி ஒருபோதும் அதைவிட்டு வெளியே போகாது. மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ அதை அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால், அந்த முறையே தவறு.

விண்ணப்பத்தில் பெயர்களைக் கவனமாக எழுத வேண்டும். ஒரே சர்வரைச் சிலர் முழுப் பெயரால் அழைப்பார்கள், சிலர் சுருக்கப் பெயரால், சிலர் ஐ.பி. முகவரியால். சான்றிதழில் இல்லாத பெயரால் அழைத்தால் பிரவுசர் மறுத்துவிடும். அழைக்கப்படும் பெயர்கள் எல்லாவற்றையும் ‘மாற்றுப் பெயர்கள்’ என்ற பகுதியில் குறிப்பிட வேண்டும்.

வெளியிலுள்ள பொதுச் சான்றளிப்பு நிறுவனத்திடம் வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். ‘லோக்கல்’ என்று முடியும் உள்வட்டப் பெயர்களுக்கும் உள் முகவரிகளுக்கும் அவர்கள் சான்றிதழ் தருவது 2015 நவம்பரோடு நின்றுவிட்டது. உலகில் லட்சம் அலுவலகங்களில் ஒரே உள்பெயர் இருக்கும்போது, அது யாருடையது என்று எவர் உறுதி தர முடியும்? நிறுவனத்துக்குச் சொந்தமான இணையப் பெயர் இருந்தால் அதன் கீழ் பிரிண்ட் சர்வருக்கு ஒரு பெயர் வைத்து, ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ போன்ற இலவச அமைப்பிடம் வாங்கலாம். அந்தப் பெயர் நம்முடையதுதான் என்பதை, இணையப் பெயர்களின் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் ஒரு பதிவின் வழியாக நிரூபித்தால் போதும். சர்வரை வெளியுலகுக்குத் திறந்துவிட வேண்டியதில்லை.

இத்தனையும் செய்த பிறகு பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கணினியிலிருந்து பிரிண்ட் சர்வர் வரை ஒரு பயணம். சர்வரிலிருந்து பிரிண்டர் வரை இன்னொரு பயணம். சர்வரின் சான்றிதழ் முதல் பயணத்தை மட்டுமே காக்கும். இரண்டாவது பயணம் இன்னும் பழைய 9100 போர்ட் வழியாக நடந்தால், பாதி வழியில் ஆவணம் மீண்டும் வெட்டவெளிக்கு வந்துவிடும். பிரிண்டருக்கும் தனிச் சான்றிதழ் தந்து அந்த இணைப்பையும் மறைக்க வேண்டும்.

காலாவதி ஏன் வேண்டும்?

எல்லாம் சரியாக அமைத்த சர்வர் ஒருநாள் காலையில் திடீரென்று நின்றுபோகும். காரணம் சான்றிதழிலுள்ள இரண்டாவது தேதி, அதாவது காலாவதித் தேதி. 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானது. பிரிட்டனின் ஓ2 நிறுவனத்தைச் சார்ந்த சுமார் 3.2 கோடிப் பேருக்கு அன்று மொபைல் இணையம் இல்லாமல் போயிற்று. ஜப்பானில் சாஃப்ட்பேங்க் வாடிக்கையாளர்களும் தவித்தார்கள்.

இவ்வளவு தொல்லை தரும் தேதியை ஏன் வைத்தார்கள்? தனிச் சாவி திருடு போனால் உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம். 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். கூகுள் பெயரிலான ஒன்றைக் கொண்டு, பெரும்பாலும் ஈரானில் இருந்த சுமார் 3 லட்சம் ஐ.பி. முகவரிகளின் பயனர்கள் ஏமாற்றப்பட்டார்கள். அந்த நிறுவனம் அதே ஆண்டு திவாலானது. இந்தியாவுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு: 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவின் வழியாக கூகுளின் பெயர்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானதை கூகுள் கண்டுபிடித்தது. கணித முறைகளும் மூப்படைகின்றன. ஷா-1 என்ற சுருக்க முறையை நெடுங்காலம் உலகமே நம்பியது. 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வகமும், வெவ்வேறாகத் தோன்றும் இரண்டு பி.டி.எஃப். கோப்புகளுக்கு ஒரே சுருக்க எண் வரும்படி செய்து காட்டின. தவறு நேர்ந்தாலும் அது எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்பதற்கு எல்லை கட்டுவதுதான் காலாவதித் தேதியின் வேலை.

அந்த எல்லை மேலும் சுருங்கிவருகிறது. பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் 2020 செப்டம்பரில் 398 நாளாகக் குறைந்தது. 2025இல் எடுத்த முடிவின்படி 2026 மார்ச்சில் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள். சொந்த மூலச் சான்றிதழ் வைத்திருப்பவர்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் 2019 ஜூலைக்குப் பிறகு வழங்கியவற்றில் 825 நாளைத் தாண்டிய சர்வர் சான்றிதழ்களை ஆப்பிளின் கருவிகள் ஏற்பதில்லை. பத்தாண்டுக்கு ஒன்றைச் செய்துவைத்துவிட்டு மறந்துவிடும் காலம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கும் வேலையைத் தானியங்கி மென்பொருளிடம் ஒப்படைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

தேதி என்றால் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லாத சில கருவிகள் மின்தடைக்குப் பிறகு 1970 ஜனவரி 1 என்ற நாளில் கண்விழிக்கும். நேற்று வழங்கிய சான்றிதழ்கூட அவற்றுக்கு ‘இன்னும் பிறக்காத’ ஒன்று. நெட்வொர்க்கிலிருந்து நேரம் வாங்கும் என்.டி.பி. வசதியை இயக்கிவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

சான்றிதழ் என்பது ஒருமுறை நிறுவிவிட்டு மறக்கும் பொருளன்று. பெயர், சாவி, காலம் மூன்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு வாக்குறுதி அது. பெயர் மாறும், சாவி கசியும், காலம் ஓடும். ஆகவே அதைத் தொடர்ந்து பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் அலுவலகத்தில், பள்ளியில், மருத்துவமனையில் பிரிண்ட் சர்வர் இருந்தால் அதைக் கவனிப்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதன் சான்றிதழில் கையெழுத்திட்டது யார்? அது எந்த நாளில் முடிகிறது? சர்வருக்கும் பிரிண்டருக்கும் நடுவே என்ன பாதுகாப்பு? பழைய பிரிண்டரைக் கழிக்கும்போது அதனுள் இருக்கும் தனிச் சாவியை அழிக்கிறோமா? பதில் கிடைக்காவிட்டால் யார்மீதும் கோபப்பட வேண்டாம். அன்றே உட்கார்ந்து, காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்குப் பொறுப்பானவரின் பெயரையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.